கம்பி வைத்தால் மகள் உட்கார முடியாமல் போய்விடுவாளா?

கேள்வி: மகளுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலிதான். முதுகு 68 டிகிரி வளைந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்புவரை கம்பி வைத்து எலும்பை ஒட்டவைக்க வேண்டும் என்கிறார்கள். முதுகு கட்டையாகிவிடும், அப்புறம் உட்காரவே முடியாது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். 41 நாள் தடவினால் நிமிர்த்திவிடலாம் என்கிறார் ஒரு வர்ம ஆசான். என்ன செய்வது? - ஒரு தாய், கருங்கல்

பதில்: உட்காருவாள் அம்மா. இப்போது உட்காருவதைவிட நேராகவே உட்காருவாள். நாற்காலியில் உட்காரும்போது மடங்குவது தொடை மூட்டு. இந்த அறுவையில் அதைத் தொடுவதில்லை. ஒட்டவைப்பது முதுகெலும்புகளையும் அதோடு சேர்ந்த இடுப்பெலும்பையும்தான்.

போவது எது என்றால், முதுகை வளைத்துக் குனிவதும் உடம்பைத் திருப்புவதும். மகள் தானாகச் சாப்பிடுகிறவள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கையை வாய்க்குக் கொண்டுவருகிறாளா, வாயைத் தட்டுக்குக் கொண்டுபோகிறாளா? குனிந்துதான் சாப்பிடுவாள் என்றால் அறுவைக்குப் பிறகு தட்டு அவளுக்கு எட்டாது, மேசையை உயர்த்த வேண்டும். இதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், அவர்களாக யாரும் கேட்க மாட்டார்கள்.

கிடைப்பது என்ன? இப்போது இடுப்பு ஒரு பக்கம் ஏறி, முழு எடையும் ஒரு பிட்டத்தில் இறங்கும், அங்கே புண் வரும். விலா எலும்பு இடுப்பெலும்பில் போய் இடிக்கும். சாயாமல் இருக்க ஒரு கையை ஊன்றியே வைத்திருப்பாள். அறுவை முடிந்தால் அந்தக் கை விடுபடும். நடக்கவைக்கும் அறுவை இல்லை இது. ஆனால் இந்த அளவு வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் கூடிக்கொண்டே போகும், அதனால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

நம் குமரி மாவட்டத்தில் ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. இறுகிய தசைக்கு இதமாக எண்ணெய் தடவினால் எனக்குச் சண்டையில்லை. வளைவை நிமிர்த்துகிறேன் என்று முதுகில் முட்டுக்கொடுத்து அழுத்துகிறவரிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நடக்காத பிள்ளைகளின் எலும்பு பலவீனமானது, சில வலிப்பு மருந்துகள் அதை இன்னும் பலவீனமாக்கும். முறிந்தால்கூடப் பேச முடியாத பிள்ளை எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? பெல்ட் விற்கிறவர்களும் இதே ரகம்தான். பெல்ட் உட்காரத் துணை செய்யும், வளைவை நிறுத்தாது. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே அல்ல.

அடுத்து புரோக்கர். திருவனந்தபுரத்தில் நல்ல ஆஸ்பத்திரி, நானே கூட்டிப்போகிறேன், கம்பிக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்பார். கொடுக்காதீர்கள். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தில் நேரில் கேளுங்கள். கம்பியும் திருகும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று ஆஸ்பத்திரியில் எழுத்தில் வாங்குங்கள். வருமானச் சான்றுக்கு ஓர் அலைச்சல், ஒப்புதலுக்கு ஓர் அலைச்சல், தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு இன்னொன்று. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாயை இப்படி ஏன் ஓடவிட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரோக்கர் பிழைப்பதே அந்த அலைச்சலில்தான்.

எக்ஸ்ரேயை உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். படுத்த படத்தோடு வரும் பிள்ளைகளை மறுபடி அனுப்பி எடுக்கவைப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்லியாக வேண்டும், இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக. வளைவு 50 டிகிரி வரட்டும், பிறகு அறுவையைப் பார்ப்போம் என்ற கணக்கு டூஷேன் தசைச் சிதைவு நோயுள்ள பையன்களுக்குப் பொருந்தாது. நடை நின்றபின் அவர்களுக்கு நுரையீரல் பலமும் இதய பலமும் ஆண்டுதோறும் குறையும். 50 டிகிரிக்குக் காத்திருந்தால், அறுவையைத் தாங்கும் மூச்சு இருக்காது. அதனால் 20, 30 டிகிரியிலேயே பேச்சை எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் பையனுக்கு வளைவு மெதுவாக வரலாம், அப்போதும் மூச்சுப் பரிசோதனையும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் தவறக் கூடாது. மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரணமாகக் கொடுக்கும் சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

உங்கள் மகளுக்கு வருவோம். இது பெரிய அறுவை, பல மணி நேரம் ஆகும், ரத்தம் போகும். கிருமித்தொற்றும் நிமோனியாவும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகம். மெலிந்த பிள்ளைக்குப் புண் ஆறாது, ஆகவே இப்போதே எடை ஏற்றுங்கள். முட்டை, முள் நீக்கி மசித்த சாளை, பருப்பு, எது இறங்குகிறதோ அது. சாப்பிடும்போது புரையேறினால் அதை முதலில் பார்க்க வேண்டும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை முதுகுக்கும் ஒரு கை தொடைக்கும் அடியில். பழைய சக்கர நாற்காலியும் இனி அளவுக்குச் சேராது, உயரம் கூடியிருப்பாள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவதற்கு முன்பே நாற்காலியைத் திரும்ப அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.