கிளப் கட்டுரை வேறு, ஆண்டு மலர் வேறு: விக்கிப்பீடியா கேள்வி பதில்

லயன்ஸ், ரோட்டரி, கிவானிஸ் மாதிரியான தொண்டு கிளப்புகளில் இருப்பவர்கள் பலரும் தங்கள் கிளப்பைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் சிங்கப்பூர் வட்டாரம். தமிழ் விக்கிக்கும் ஆங்கில விக்கிக்கும் விதிகளில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

தெம்பனிஸ்: அக்கா, எங்கள் கட்டுரையின் தலையில் ‘விளம்பரம் போல் எழுதப்பட்டுள்ளது’ என்று ஒரு பெட்டி தொங்குகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கலாம் தம்பி, கட்டுரையைத் திருத்திய பிறகு. பெட்டியை மட்டும் எடுத்தால் யாராவது வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்து மறுபடி ஒட்டுவார்கள், அத்தோடு உங்கள் கணக்கின் மேல் ஒரு கண்ணும் வைத்துவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய முதல் வாக்கியத்தையே பாருங்கள்: ‘ஏழை எளியோரின் கண்ணீரைத் துடைக்க அயராது தன்னலமற்ற சேவையாற்றி வரும் முன்னணி அமைப்பு.’ எந்த ஊர், எப்போதிலிருந்து, என்ன செய்கிறது, ஒன்றுமே இல்லை. அயராது, தன்னலமற்ற, முன்னணி மூன்றையும் வெட்டுங்கள். ‘சிங்கப்பூரில் இயங்கும் தொண்டு கிளப். வாடகை வீடுகளில் தனியே வசிக்கும் முதியோருக்கு மாதந்தோறும் மளிகைப் பொருள் வழங்குகிறது’ என்று எழுதி, அதற்கு ஒரு பத்திரிகைச் செய்தியைச் சான்றாகப் போடுங்கள். போதும்.

கிளப் கட்டுரைகளில் வரும் கோளாறில் பாதி, ஆண்டு மலருக்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதால் வருவது. மலரில் வாழ்த்துரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் இருக்கலாம், அது நம் வீட்டு விசேஷம். விக்கியில் படிப்பவர் நம் விருந்துக்கு வந்தவர் இல்லை. இன்னொன்று, மலரில் வந்ததை வரிக்கு வரி எடுத்துப் போடுவது பதிப்புரிமைச் சிக்கலும்கூட.

அங் மோ கியோ: சான்று கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது கூட்டக் குறிப்பேடும் எங்கள் இணையத்தளமும்தான்.

குறிப்பேட்டை அலமாரியிலேயே விடுங்கள் அக்கா, வெளியாகாத ஆவணம் சான்றாகாது. கிளப் தொடங்கிய ஆண்டு, முகவரி போன்ற சாதாரண விவரங்களுக்கு உங்கள் இணையத்தளத்தைக் காட்டலாம். அதை மட்டுமே நம்பி ஒரு கட்டுரை நிற்காது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு: தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய நாளிதழ்களின் இணையக் காப்பகம். தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இல் தொடங்கியது, தமிழ் முரசு 1935இல். இரண்டின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன, காசு கிடையாது. கிளப்பின் இன்றைய பெயரைத் தட்டிவிட்டு ‘ஒன்றுமே வரவில்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெயர் முன்பின்னாக இருந்திருக்கும், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். கொடி நாள், ரத்த தானம், கண் பரிசோதனை என்று நிகழ்ச்சியை வைத்துத் தேடுங்கள், அன்றைய தலைவரின் பெயரை வைத்துத் தேடுங்கள். தமிழ் முரசில் தேடும்போது சொல்லை மட்டும் நம்பாமல், நிகழ்ச்சி நடந்த தேதி தெரிந்தால் அதற்கடுத்த சில நாள் இதழ்களைக் கையால் புரட்டிவிடுவது நல்லது. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும், அதற்கு நூலகம் வரை ஒரு நடை போய்த்தான் ஆகவேண்டும். கிடைத்ததும் பத்திரிகை, தலைப்பு, தேதி, பக்கம் நான்கையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் போட்ட விளம்பரமும், கிளப் அனுப்பிய அறிக்கையை அப்படியே அச்சிட்டதும் கணக்கில் வராது.

பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால், அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் ஆண்டறிக்கையும் வரவுசெலவுக் கணக்கும் கிடைக்கும். செத்துப்போன சுட்டிகளுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினையும், நூலக வாரியத்தின் வெப்ஆர்கைவ்எஸ்ஜியையும் பாருங்கள்.

யீஷூன்: எங்கள் கிளைக்குத் தனிக் கட்டுரை போட்டேன், நீக்கப் பரிந்துரைத்துவிட்டார்கள். இவ்வளவு சேவை செய்தும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை இல்லை ஐயா. சேவை பெரிதா சிறிதா என்று அங்கே யாரும் அளப்பதில்லை. உங்களோடு சம்பந்தமில்லாதவர்கள் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதே கேள்வி. அனைத்துலக அமைப்பின் உள்ளூர்க் கிளை என்றால் இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கிளைகள் இருக்கின்றன. அந்த அமைப்பைப் பற்றிய கட்டுரையில் சிங்கப்பூர் என்று ஒரு பகுதி எழுதி, உங்கள் கிளைக்குச் சான்றோடு நாலு வரி கொடுங்கள். அது நிலைக்கும்.

ஜூரோங்: வரலாற்றுப் பகுதியில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ், சிகாகோ எல்லாம் எழுதவேண்டுமா?

வேண்டாம். ரோட்டரி 1905இல் சிகாகோவில் தொடங்கியது, லயன்ஸை 1917இல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கினார் என்பதற்கெல்லாம் தனிக் கட்டுரைகள் இருக்கின்றன, இணைப்புக் கொடுத்தால் போதும். இங்கே எப்படி வந்தது என்பதை எழுதுங்கள், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1920களின் கடைசியில் ரோட்டரியைப் பரப்ப ஆசியாவெங்கும் பயணம் செய்த கனடாக்காரர் ஜேம்ஸ் டேவிட்சன் சிங்கப்பூருக்கும் வந்தார், 1930இல் இங்கே கிளப் அமைந்தது. சிங்கப்பூர் ரோட்டரி பற்றிய கட்டுரைக்கு இது வேண்டிய செய்தி. உங்களுடையது லயன்ஸ் என்றால், ஹெலன் கெல்லர் 1925இல் அவர்கள் மாநாட்டில் பார்வையற்றோருக்காகப் பேசியதிலிருந்து கண் சார்ந்த சேவை அவர்களின் அடையாளமாகிவிட்டது. கண் பரிசோதனை முகாம் பற்றி எழுதும் இடத்தில் அதற்கு ஒரு வரி தரலாம்.

செங்காங்: பெண் உறுப்பினர்களைப் பற்றி எங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. சேர்க்கலாமா?

அவசியம் சேர்க்கவேண்டும். லயன்ஸ் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1987இல்தான். அதே ஆண்டு பெண்களைச் சேர்ப்பது பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோட்டரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 1989இல் ரோட்டரி உலகம் முழுவதற்குமான விதியை மாற்றியது. அதற்கு முன் உங்கள் கிளப்பில் பெண்கள் மனைவிமார் குழுவாக மட்டும் இருந்தார்களா, முதல் பெண் தலைவர் எப்போது வந்தார் என்று தேடிப் பாருங்கள். தலைவர்கள் பட்டியலைவிட இது ஆயிரம் மடங்கு படிக்கத் தகுந்தது. அந்தப் பட்டியல் உங்கள் இணையத்தளத்திலேயே இருக்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சரி, சில முன்னாள் தலைவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பிடோக்: பழைய பணத் தகராறு ஒன்றை யாரோ கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள். நீக்கினால் மறுபடி வருகிறது.

பத்திரிகையில் வந்த செய்திதானா, சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றே இல்லாமல் உயிரோடிருப்பவர் மேல் பழி போட்டிருந்தால் உடனே நீக்கக் கேட்கலாம், விதி உங்கள் பக்கம். சான்று இருந்தால் நீங்கள் கைவைக்காதீர்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ‘நான் இந்தக் கிளப்பின் உறுப்பினர்’ என்று முதல் வரியிலேயே சொல்லி, வழக்கின் முடிவும் எழுதப்படவேண்டும், இரண்டு பத்தி ஒரு பத்தியாகச் சுருங்கவேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள்.

பொங்கோல்: கிளப் எனக்குப் படித்தொகை தந்து கட்டுரையை எழுதச் சொல்கிறது. தப்பா?

தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி 2014 முதல் இதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. உங்கள் பயனர் பக்கத்தில் யார் பணம் தருகிறார்கள் என்று எழுதிவிடுங்கள், திருத்தங்களைப் பேச்சுப் பக்கத்தில் முன்வையுங்கள். கணக்குக்குக் கிளப்பின் பெயரை வைக்காதீர்கள், ஆங்கில விக்கியில் தடையே போட்டுவிடுவார்கள்.

உட்லண்ட்ஸ்: விழாப் படங்களை ஏற்றலாமா? காசு கொடுத்து எடுத்த படங்கள்தான்.

காசு கொடுத்ததால் உரிமை உங்களுடையதாகிவிடாது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் படம் எடுத்தவருக்கே உரிமை. அவரையே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மேடையில் மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் வேண்டாம், அரிசி மூட்டையை மின்தூக்கியில் ஏற்றும் படம் இருந்தால் அதைப் போடுங்கள்.

குவீன்ஸ்டவுன்: ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டலாமா?

அது தரும் சான்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத தலைப்பு, இல்லாத பக்கம் எல்லாம் வரும். திறந்து பார்க்கப் பொறுமை இல்லையென்றால் ஒட்டாதீர்கள்.

புக்கிட் பாத்தோக்: பேச்சுப் பக்கத்தில் கேட்டுப் பல வாரமாகிறது, ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

தமிழ் விக்கியில் ஆள் குறைவு, அங்கே எல்லாரும் கூடிப் பேசும் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு குறிப்புப் போட்டால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். ‘கட்டுரையைச் சரிசெய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த வாக்கியம், எப்படி மாறவேண்டும், சான்று எது என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.