பாதி ஆட்டத்தில் களத்தை விட்டு வெளியேறலாமா?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். குறுவட்ட இறுதிப் போட்டியில், ஆட்டம் முடிய ஏழு நிமிடங்களே இருந்தபோது, அணித் தலைவியான அவளுடைய தோழியைப் பயிற்சியாளர் வெளியே அழைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை இறக்கினார். அது அநியாயம் என்று சொல்லி என் மகளும் இன்னொருத்தியும் களத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். அணி தோற்றது. இந்த ஆண்டு முழுவதும் இருவருக்கும் அணியில் இடமில்லை என்கிறார்கள். மகளைக் கண்டிப்பதா, அவள் பக்கம் நிற்பதா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: இரண்டையும் செய்யுங்கள் அம்மா, ஆனால் முதலில் கண்டியுங்கள். தோழிக்கு அநீதி நேர்ந்தது என்று எண்ணியதும் எழுந்து நின்ற மனம் நல்ல மனம். அதை ஒருபோதும் குறை சொல்ல வேண்டாம். அவள் தேர்ந்துகொண்ட நேரமும் வழியும்தான் தவறு.

ஏன் தவறு என்பதை அவள் ஆடும் ஆட்டத்தை வைத்தே விளக்கலாம். கபடியில் ஆட்டமிழந்த பெண் கோட்டுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருப்பவர்கள் எதிரணியில் ஒருத்தியைத் தொட்டு வந்தாலோ, பாடி வந்தவளைப் பிடித்துப் போட்டாலோதான் அவளால் மீண்டும் களத்துக்குள் வர முடியும். வெளியே இருப்பவளின் ஆட்டம் உள்ளே இருப்பவளின் கையில் இருக்கிறது. அன்று உங்கள் மகள் வெளியேறிய நொடியில், தன்னை உயிர்ப்பித்துக் கூட்டிக்கொள்வார்கள் என்று நம்பி வரிசையில் காத்திருந்தவர்களையும் சேர்த்தே கைவிட்டாள். மாற்று ஆட்டக்காரர்கள் இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால், சேர்ந்து பழகிய ஏழு பேர் கைகோத்துப் பிடிப்பதும், திடீரென்று இறக்கப்பட்ட இருவரை வைத்துக்கொண்டு பிடிப்பதும் ஒன்றாகிவிடாது. அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமியையும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு களத்துக்குள் வந்தவள், தன்னைக் கண்டதும் இரண்டு அக்காமார் வெளியே நடந்ததைத்தான் முதலில் பார்த்திருப்பாள். அவள் செய்த குற்றம் என்ன?

பயிற்சியாளரின் முடிவு தவறாகவே இருந்திருக்கலாம். தலைவிக்கு மூச்சு வாங்குவதையோ, கால் பிசகியிருப்பதையோ அவர் கவனித்திருக்கவும் கூடும். யாரை இறக்குவது, யாரை எடுப்பது என்பது அவருடைய பொறுப்பு; அதில் அவர் பிசகினால் அது கணிப்பின் பிழையே தவிர, அநீதி ஆகிவிடாது. பெரிய ஆட்டக்காரர்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டி ஒன்றில், சிகாகோ புல்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் சமநிலையில் இருக்க, 1.8 விநாடிகளே மீதமிருந்தன. கடைசிப் பந்தை எறியும் பொறுப்பைப் பயிற்சியாளர் பில் ஜாக்சன், அணியின் முதன்மை ஆட்டக்காரரான ஸ்காட்டி பிப்பனுக்குத் தராமல் டோனி குகோச்சுக்குத் தந்தார். மனம் நொந்த பிப்பன் களமிறங்க மறுத்து உட்கார்ந்துவிட்டார். குகோச் பந்தைக் கூடையில் போட்டு அணியை வெல்லவைத்தார். ஆயினும் உடைமாற்றும் அறையில், மூத்த வீரர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடுதான் பிப்பனிடம் பேசினார். வென்ற அணியிலேயே அந்த வலி இருந்ததென்றால், தோற்ற அணியில் எப்படி இருக்கும் என்பதை உங்கள் மகள் புரிந்துகொள்வாள்.

இனி, அவள் பக்கம் நிற்க வேண்டிய இடம். அதே பிப்பன் அடுத்த ஆட்டத்திலேயே ஆடினார். ஜாக்சன் அவரை ஒதுக்கி வைக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணை ஓர் ஆண்டு முழுவதும் வெளியே நிறுத்துவது மிகையான தண்டனை. பள்ளி விளையாட்டில் ஓர் ஆண்டு என்பது மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அவற்றின் சான்றிதழ், அந்தச் சான்றிதழை நம்பியிருக்கும் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு என்று பலவற்றையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். அவளை அழைத்துக்கொண்டு நீங்களே பள்ளிக்குச் செல்லுங்கள். முதலில் அவள் அணியினரிடம், குறிப்பாக அந்தச் சிறுமியிடம், வருத்தம் தெரிவிக்கட்டும். அதன் பிறகு, தலைவியை ஏன் வெளியே எடுத்தீர்கள் என்று பயிற்சியாளரிடம் மரியாதையோடு கேட்கட்டும். அப்படிக் கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: கால்பந்து ஆடும்போது எதிரணி வீரனின் தலை என் தலையில் மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "ஒன்றுமில்லை, ஓடு" என்று சார் சொன்னார். நான் முடியாது என்று வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். கோழை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் செய்ததும் தவறா?
– ஒரு மாணவர், மேலூர்

பதில்: தம்பி, நீங்கள் செய்தது முழுக்கச் சரி. மேலே அந்தத் தாய்க்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. எந்த இடத்தில் ஆடுவது, எத்தனை நிமிடம் ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யலாம். உங்கள் உடம்பைப் பணயம் வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி வெளியே காயமாகத் தெரியாது. அது ஆறுவதற்குள் மறுபடியும் தலையில் அடிபட்டால் பெரும் ஆபத்தாக முடியலாம். அதனால்தான் சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்கி ஆடவே விதி இடம் தருகிறது. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல் வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இதோடு இன்னொன்றையும் எல்லா மாணவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் கை நீட்டி அடித்தாலும், சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினாலும், தகாத முறையில் தொட்டாலும், ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நொடியே வெளியேறலாம். இறுதிப் போட்டியாக இருந்தாலும் வெளியேறலாம். மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

கேள்வி: நடுவில் வெளியேறியவரை மீண்டும் சேர்த்துக்கொண்டால் அணியில் ஒழுங்கு குலையாதா? அந்த நிமிடத்தில் நாங்கள் என்னதான் செய்வது?
– ஓர் உடற்கல்வி ஆசிரியர், வாடிப்பட்டி

பதில்: 1981 பிப்ரவரியில் மெல்போர்னில், எல்.பி.டபிள்யூ. தீர்ப்பில் ஆத்திரமடைந்த சுனில் கவாஸ்கர், உடன் ஆடிய சேத்தன் சௌகானையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். எல்லைக் கோட்டருகே வந்து நின்ற மேலாளர் துர்ரானி, சௌகானைத் தடுத்து ஆட்டத்தைத் தொடரச் செய்தார். அந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவை 83 ரன்னில் சுருட்டி இந்தியா வென்றது. கபில்தேவ் ஐந்து விக்கெட் எடுத்தார். அது நடுவரின் தீர்ப்பு பற்றிய சினம் என்றாலும், கோட்டருகே நின்ற பெரியவரின் நிதானம் உங்களுக்கும் பொருந்தும். "உள்ளே போ, ஆட்டம் முடிந்ததும் நீ சொல்வதைக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேளுங்கள்.

மதுரை வட்டாரத்தில் பயிற்சியாளரின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை சென்றதற்கு, தயங்கிய அந்தப் பாட்டியிடம் பேசிச் சம்மதம் பெற்ற பயிற்சியாளர் கண்ணன் பெரும் காரணம். விடுதி இடமும் கல்லூரி இடமும் ஒருவருடைய வாய்ச்சொல்லில் இருக்கும்போது, பிள்ளைகள் அவரிடம் எதையும் கேட்கத் துணிவதில்லை. பயிற்சியின்போது கேட்க முடியாத பிள்ளைதான் போட்டியின் நடுவே வெடிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, கேட்பதற்கு ஓர் இடம் கொடுங்கள். கபடியில் ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு இரண்டு முறை, தலா 30 விநாடி இடைவேளை உண்டு. அப்போது அணித் தலைவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்று வழக்கப்படுத்துங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் மறுநாள், ஒருவரை ஏன் எடுத்தீர்கள் என்பதை இரண்டு வாக்கியத்திலாவது சொல்லுங்கள். காயமோ அவமதிப்போ இல்லாமல் நடுவில் வெளியேறினால் அடுத்த ஓர் ஆட்டத்தில் இடமில்லை, அதற்கடுத்த ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்று ஜூன் மாதமே பெற்றோர் முன்னிலையில் எழுதி வைத்துவிடுங்கள். தண்டனையின் அளவு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதை யாரும் சலுகையாக எண்ண மாட்டார்கள்.