கையால் செய்து பார்க்கும் ஆசை

வினா: என் மகன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். விடுமுறை நாட்களில் புறக்கோட்டைக்குப் போய்ச் சின்னச் சின்ன மின்னணுப் பாகங்களை வாங்கி வந்து, நள்ளிரவு வரை ஈயம் பற்றவைப்பதும் கழற்றுவதுமாக இருக்கிறான். இப்போது பூச்சாடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவியொன்றைச் செய்கிறான். அத்தகைய கருவி கடையிலேயே கிடைக்கும்போது இந்தச் சிரமத்தில் என்ன இன்பம் காண்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. தடுப்பதா, விடுவதா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

விடை: அன்புள்ள சகோதரிக்கு, தடுக்க வேண்டாம். நாள் முழுவதும் கையில் வைத்திருக்கும் கைப்பேசியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம். திறந்து பார்க்கலாம் என்றாலும் அது பசையிட்டு மூடப்பட்டிருக்கிறது. இப்படி மூடிய பொருட்கள் வீட்டில் பெருகப் பெருக, உள்ளும் புறமும் தனக்குத் தெரிந்த ஒரு பொருளாவது வேண்டும் என்ற ஆசை சில பிள்ளைகளுக்கு வலுக்கிறது. அது நல்ல ஆசை.

அவன் செய்யும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் குத்தும் இரு உலோகக் கால்களுக்கிடையே மின்னோட்டம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக்கொண்டு ஈரத்தை அளப்பதே மலிவான உணரியின் முறை. ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகை அந்த அளவை 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாகத் தரும். ஆனால் எந்த எண்ணில் செடிக்குத் தாகம் என்பதை அது சொல்லாது. தும்புத்தூளுக்கு ஓர் எண், களிமண்ணுக்கு வேறோர் எண் என்று அவனே காயவிட்டும் நனைத்தும் அறிய வேண்டும். மின்சாரத்தை இடைவிடாமல் கொடுத்தால் மின்பகுப்பினால், அதாவது மின்னோட்டம் உண்டாக்கும் இரசாயன மாற்றத்தினால், அந்தக் கால்கள் விரைவில் அரித்துப்போகும் என்பதும், அளக்கும் கணத்தில் மட்டும் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும் என்பதும் அப்போதுதான் தெரியவரும். இரசாயனவியல் பாடத்தில் மனனம் செய்த மின்பகுப்பைத் தன் பூச்சாடியில் கண்டுபிடிக்கும் பிள்ளையின் மகிழ்ச்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக் கையால் செய்து பார்ப்பது நம் நகரத்துக்குப் புதிதும் அன்று. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக்கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பியது 1920களின் தொடக்கத்தில். ஒழுங்கான வானொலிச் சேவை 1925 டிசெம்பரில்தான் தொடங்கியது.

செலவு குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்; பெரும்பாலும் கடைப்பொருளே மலிவு. நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் வேறு. தண்ணீரும் 230 வோல்ற்று வீட்டு மின்சாரமும் ஒரே மேசையில் சேரக் கூடாது. தண்ணீர் இறைக்கும் பம்பி 5 வோல்ற்றில் இயங்குவதாக இருக்கட்டும். பழைய தொலைக்காட்சியின் மின்வழங்கியை அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் அவன் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் அதன் பெரிய கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். பற்றவைக்கும் புகை மூச்சுக்கு ஆகாது என்பதால் யன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். தூக்கத்தைப் பொறுத்தவரை, பரீட்சை முடியும்வரை இரவு பத்து மணியோடு ஈயம் பற்றவைக்கும் கோலை அணைத்துவிட வேண்டும் என்று நீங்கள் சொல்வதில் தவறே இல்லை.