கடனை நினைத்து ஃபைனான்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எம்பிஏ முதலாண்டு முடிக்கப் போகிறேன். ஹெச்.ஆர். எடுக்க ஆசை. 6 லட்சம் கல்விக்கடன் இருப்பதால் ஃபைனான்ஸ்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. 40,000 ரூபாய் கட்டினால் பெரிய கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை உறுதி என்கிறது ஒரு கன்சல்டன்சி. என்ன செய்வது? (ஈரோடு வாசகி)

பதில்: முதலில் அந்த 40,000. கட்டவே கட்டாதீர்கள். கன்சல்டன்சிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியது ஆள் எடுக்கிற கம்பெனி. வேலை தேடி வருகிறவரிடம் பதிவுக் கட்டணம், டிரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிடாதீர்கள், அதைத் திரும்ப வாங்கத் தனியாக அலைய வேண்டிவரும்.

சரி, அப்பா விஷயம். அவர் பயம் நியாயமானது. 10% வட்டி, வருஷத்துக்கு 3 லட்சமாகக் கடன் என்று வைத்தால், படிக்கும் 2 வருஷமும் அதற்குமேல் 1 வருஷ அவகாசமும் முடியும்போது உங்கள் 6 லட்சம் சுமார் 7.5 லட்சமாகியிருக்கும், பிறகு 10 வருஷத்துக்கு மாதம் 10,000 ரூபாய்த் தவணை. முதல் செமஸ்டரில் ஹெச்.ஆர்., விளம்பரம், சொந்தத் தொழில் என்று விதவிதமாக ஆசை சொன்ன பிள்ளைகள் மூன்றாவது செமஸ்டரில் ஒரே குரலில் "எதில் சார் பேக்கேஜ் அதிகம்?" என்று கேட்பது இந்தத் தவணையை நினைத்துத்தான்.

ஆனால் ஃபைனான்ஸ் படித்தால் ஃபைனான்ஸ் வேலை கிடைக்கும் என்று யார் சொன்னது? சாதாரணக் கல்லூரிகளின் கேம்பஸுக்கு அந்தப் பெயரில் வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்குத் திறக்க, கடனும் இன்சூரன்ஸும் விற்கத்தான் ஆள் எடுக்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவர் ஆஃபர் லெட்டரைக் காட்டினார். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஆண்டுக்கு 5 லட்சம். நான்காம் பக்கத்து அட்டவணையில் பார்த்தால், அதில் 1.4 லட்சம் டார்கெட் முடித்தால் மட்டும், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் போக, கையில் மாதம் 25,000.

அதனால் கல்லூரி பேனரை நம்பாமல், போன வருஷம் ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ் இரண்டிலும் முடித்த நாலு நாலு சீனியர்களுக்கு போன் போடுங்கள். "நேற்று காலையிலிருந்து என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஹெச்.ஆர். என்றால் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் பக்கத்து மில்களுக்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் அது தெரிந்த ஆள் எப்போதும் தேவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. (இரண்டும் தரம் பார்த்துச் சான்று தரும் அமைப்புகள்) அங்கீகாரமும் இருந்தால், நான் சொன்ன அந்த 3 வருஷ வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. அது கிடைத்தால் தவணை 8,000-க்குள் வந்துவிடும், அப்பாவின் பயத்தில் மாதம் 2,000 ரூபாய் குறையும். வங்கியில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, வருமானச் சான்று கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டமோ தெரியவில்லை! இந்த வாரமே கிளைக்குப் போய், உங்கள் கடன் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.