கழித்தல் கணக்கு

அன்புள்ள அக்கா,

மே 18 அன்று சென்னையில் ஒரு நினைவேந்தல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முதலில் பேசியவர் 2009இல் ஈழப்போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் 1,46,679 பேர் கொல்லப்பட்டார்கள் என்றார். அடுத்து வந்தவர் 40,000 என்றார், ஐ.நா.வே சொன்னது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினால் இலங்கை அரசின் கணக்கு 9,000 பக்கம் நிற்கிறது. நான் எதைச் சொல்வது? பெரிய எண்ணைச் சொல்லி நாமே மாட்டிக்கொள்கிறோமோ என்று பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எண்களுக்காக அடித்துக்கொள்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா? எண்களை விட்டுவிடலாம், நாவலில்தான் உண்மை இருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் ஏன் அந்த மாதங்களைப் பற்றி நாவல் எழுதவில்லை?

ச.

அன்புள்ள தம்பிக்கு,

நாவல் ஏன் எழுதவில்லை என்றால், எழுத வரவில்லை. அவ்வளவுதான். அதைப் பற்றி இனிக் கேட்காதே.

எண்களுக்கு வருகிறேன். நீ காற்புள்ளி போடும் இடம் வேறு, நாங்கள் போடும் இடம் வேறு. எங்களுக்கு அது 146,679. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலையில், அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துவிட்டதாக ஐ.நா. பதிந்தவர்கள் 282,380 பேர். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் அந்தக் கழித்தலை வைத்தார். 'இவ்வளவு பேர் கொல்லப்பட்டார்கள்' என்று அவர் சொல்லவில்லை. 'இந்த மக்களுக்கு என்ன நடந்தது?' என்றுதான் கேட்டார். நாங்கள் அவருடைய கேள்விக்குறியை அழித்துவிட்டு, எண்ணை மட்டும் பதாகையில் எழுதிக்கொண்டோம். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

40,000த்தின் கதையும் அப்படித்தான். ஐ.நா.வின் கொழும்புக் குழு போர் நடக்கும்போதே ஒரு கணக்கு வைத்திருந்தது. மே 13 வரை 7,721 பேர் இறந்ததாக அதில் இருந்தது. அப்போது வெளியில் விடவில்லை. 2011இல் தருஸ்மன் தலைமையிலான ஐ.நா. நிபுணர் குழு அது குறைவாக இருக்கலாம் என்றது, 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. அந்த 'வரை'யும் 'கூடும்'உம் மேடை ஏறும்போது கழன்று விழுந்துவிடுகின்றன. மக்களைப் போகவிடாமல் புலிகள் தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்தப் பக்கத்தை யாராவது மேடையில் வாசித்தார்களா? 2012இல் ஐ.நா. தன் சொந்தத் தவறுகளை ஆராய்ந்து இன்னோர் அறிக்கை போட்டது. 70,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கணக்கில்லை என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் இருக்கிறது என்று அதில் வந்தது. உன் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்ல ஆள் இல்லைப் போலிருக்கிறது.

அரசின் 9,000த்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கு. முழுக் குடும்பமும் இல்லாமல் போன வீட்டில் கதவைத் திறந்து பதில் சொல்வது யார்?

சரி, இதெல்லாம் தேடினால் உனக்கே கிடைக்கும். நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தது 'அவமரியாதை' என்று நீ எழுதிய அந்த ஒரு சொல்லுக்காக. அதைப் படித்ததும் கோபம் வந்தது. உன் மேல் அல்ல. அதே சொல்லை அதே இரக்கக் குரலில் ஒருமுறை நானே சொல்லியிருக்கிறேன்.

என் பெரியப்பா சங்கக்கடை மனேஜர். கூட்டுறவுக் கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். குடும்ப அட்டைக்கு நிவாரணம் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. வன்னியில் ஆட்கணக்கு என்பது கொழும்பில் ஏசி அறையில் பிறந்தது இல்லை தம்பி, அரிசித் தராசில் பிறந்தது. அட்டையில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கு அரிசி, பருப்பு, சீனி. விதானையார், அதாவது கிராம அலுவலர், உறுதிப்படுத்துவார், அது உதவி அரசாங்க அதிபரிடம் போகும், அங்கிருந்து கச்சேரிக்கு. 'அட்டைக் கணக்கு எல்லாம் பொய், கூட்டிக் காட்டுவார்கள்' என்று இப்போதும் சிலர் எழுதுகிறார்கள். பெரியப்பாவிடமே கேட்டேன். சிரித்தார். "செத்த கிழவியும் ரெண்டு மாதம் அரிசி வாங்குவா, நான் கண்டும் காணாமல் இருப்பன். அதுக்காக ஒரு லட்சம் கிழவியோ?" என்றார்.

2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்த அதிகாரிகள் 330,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். கொழும்பில் இருந்த அரசு 70,000 என்றது. இதைக் கொஞ்சம் நின்று யோசி. இது இறந்தவர்களின் எண் இல்லை. அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்களின் எண். 70,000 பேர்தான் என்றால் 70,000 பேருக்கு மட்டும் அரிசி அனுப்பினால் போதும், மருந்தும் அந்த அளவுக்குத்தான். கடைசியில் முகாம்களில் எண்ணியபோது 280,000க்கு மேல் வந்தார்கள். பெப்ரவரிக்கு முன்பே வெளியேறியவர்களைக் கழித்தாலும் கொழும்பு சொன்னதைப் போல மூன்று மடங்குக்கு மேல். எண்ணைத் தெரிந்தேதான் குறைத்தார்கள் என்று நிபுணர் குழுவே எழுதிவிட்டது. எங்கள் ஆட்கள் செத்தவர்களின் எண்ணுக்காகவே பதினைந்து வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். பொய் அதற்கு முன்னாலேயே, உயிரோடு இருந்தவர்களை எண்ணும்போதே தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கும்போது எண்ணாமல் விட்டவனை, செத்த பிறகு எண்ணுவார்கள் என்று எதிர்பார்க்கிறாயா? யாராவது உன்னிடம் எண் கேட்டால் 330,000த்தையும் 70,000த்தையும் சேர்த்துச் சொல். 1,46,679ஐ அதற்குப் பிறகு எடு. கேள்வியாகவே எடு.

பெரியப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த கணக்கு நோட்டு, இருந்தது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வோர் இடப்பெயர்விலும் தன் கடையில் பதிந்த குடும்பங்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். பங்கருக்குள் தண்ணீர் வந்தால் நனையாமல் இருக்கத் தரப்பாள் (தார்ப்பாய்) துண்டில் சுற்றி வைத்தாராம். மாத்தளனுக்குப் பிறகு கொடுக்க அரிசி இல்லை, ஆனாலும் எழுதியிருக்கிறார். பெரியம்மா ஏசியிருக்கிறா. மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது ஒரு தோளில் பேரன், மறுகையில் பெரியம்மா. கொப்பி இருந்த பை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. பெரியம்மா முகாமுக்கு வந்தபின் இறந்துபோனா.

நான் 2012இல் போய்ப் பார்த்தபோது புதுக் கொப்பி ஒன்றில் நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அட்டை இலக்கம், பிறகு குடும்பத் தலைவர், பிறகு ஒவ்வொருவராக. இல்லாமல் போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி. ஒரு பெயர் வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் கடைக்கு வந்து வரிசையில் நிற்கும் கோலத்தை நினைப்பாராம். இராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி விளக்கைப் போட்டு எழுதுவார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "போதும் பெரியப்பா, செத்தவையை நிம்மதியா விடுங்கோ. இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறது அவைக்கு மரியாதை இல்லை" என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் லீவில் வந்த நான்!

அவர் கோபப்படவில்லை. "நிறுத்துக் குடுக்கேக்க ஆளை எண்ணாமல் குடுத்தனோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் கொப்பியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்தார். நான் நின்ற நாட்களில் திரும்ப எடுக்கவில்லை. நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆகவே தம்பி, அந்தச் சொல்லை நீயும் சொல்லாதே.

பெயர் பெயராக எண்ணுவது நமக்குப் பிடிக்காத இடத்தில் கொண்டுபோய் விடலாம், அதையும் தெரிந்துகொள். பொஸ்னியாவில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரயேவோவில் ஒரு மையம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சேர்த்தது, எல்லாத் தரப்பையும் சேர்த்தது. 2007இல் வந்து நின்றது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவில். எண்ணைக் குறைத்துவிட்டீர்களே என்று சொந்த ஊர்க்காரர்களே பாய்ந்தார்கள். ஆனால் அந்த ஒரு லட்சத்தில் எந்தப் பெயரை யார் போய் அழிப்பது? நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான். சுற்று எண்ணைப் பிடித்துத் தொங்குவது சுகமாக இருக்கிறது.

பெரியப்பா 2017இல் போய்விட்டார். கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. 212 குடும்பங்கள். நான் திரும்பி வந்த பிறகும் எழுதியிருக்கிறார், பிற்பாடு எழுத்து நடுங்கிப்போயிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஐந்து பேர் என்று தலைப்பில் போட்டு நான்கு பெயர்கள் இருக்கின்றன, நான்குக்கும் பக்கத்தில் புள்ளி. ஐந்தாவது வரியில் 'சின்னவள்' என்று மட்டும் எழுதிப் புள்ளி வைத்திருக்கிறார். மூன்று வருடமாக அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களைத் தேடி ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டு வருகிறேன். போன மாதம் ஒரு அம்மா, பக்கத்துத் தரப்பாள் கொட்டிலில் இருந்தவ, ஒரு பெயரைச் சொன்னா. கூப்பிடுகிற பெயரா பதிவுப் பெயரா என்று நிச்சயமில்லை என்றும் சொன்னா. பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா