பறவையின் காலில் வளையம்: எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: செத்துக் கிடந்த ஒரு பறவையின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த உலோக வளையம் இருந்தது. கழற்றலாமா? இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் யார்?

பதில்: செத்த பறவை என்றால் கழற்றலாம். உயிரோடு இருந்தால் எண்ணைப் படித்து, படமெடுத்து, வளையத்தோடே விட்டுவிடுங்கள். செத்ததை வெறுங்கையால் தொட வேண்டாம், நோய்த்தொற்று இருக்கலாம்.

தொடங்கியவர் டென்மார்க்கின் விபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் (1856–1921). பறவை பார்ப்பவர்களிலேயே பலருக்கு இவர் பெயர் தெரியாது. அவருக்கு முன்பும் காலில் நூலோ வளையமோ கட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்த அடையாளம் பெரும்பாலும் கட்டியவருக்கு மட்டுமே புரியும். மோர்டென்சன் ஒவ்வொரு வளையத்திலும் தனி எண்ணையும் ஊர்ப்பெயரையும் பொறித்தார். பறவை எங்கே விழுந்தாலும், எடுத்தவர் தகவல் அனுப்ப வழி பிறந்தது. 1890-இல் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். கனம் தாங்காமல் பறவைகள் அவதிப்பட்டன. அவர் வளையமிட்ட ஸ்டார்லிங் (மைனா குடும்பத்துப் பறவை) சுமார் 80 கிராம்தான் இருக்கும், அதற்கு ஒவ்வொரு கிராமும் சுமை. 1899-இல் அலுமினியத்துக்கு மாறி 165 ஸ்டார்லிங்குகளுக்கு வளையமிட்டார். முறை நிலைத்தது.

இனி உங்கள் வளையம். தகவல் வீணாவது பெரும்பாலும் எண்ணைத் தப்பாகப் படிப்பதால்தான். அலுமினியம் தேயும், உப்புநீரில் இன்னும் வேகமாக. 8, 3 ஆகத் தெரியும். 7, 1 ஆகும். வளையத்தை மெல்ல விரித்து, பழைய பல்துலக்கியால் அழுக்கை நீக்குங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொறிப்பின் பள்ளங்களில் நிழல் விழும். அப்படியும் தெரியாவிட்டால் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதியெடுங்கள். புரியாத இலக்கத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், கேள்விக்குறி போடுங்கள். உட்பக்கத்தையும் பாருங்கள், சிலவற்றில் முகவரி அங்கே இருக்கும்.

வளையத்தில் பெயரோ முகவரியோ பொறித்திருக்கும் பறவை ஆய்வு மையத்துக்கு எண், கண்ட தேதி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, பறவையின் நிலை, செத்து எத்தனை நாள் இருக்கும் என்பதை அனுப்புங்கள். வண்ண வளையமும் இருந்தால் எந்தக் கால், மேலிருந்து கீழாக என்ன வரிசை என்று குறியுங்கள். இடது என்றால் பறவைக்கு இடது.

ஒட்டே இல்லாத முழு வளையத்தில் ஆண்டும் எண்ணும் இருந்தால் அது பெரும்பாலும் பந்தயப் புறாவாக இருக்கும். அதற்குத் தகவல் போக வேண்டியது புறா வளர்ப்போர் சங்கத்துக்கு.