பள்ளிக்கூடம் தூக்கிவிடுகிறதா, தரம் பிரிக்கிறதா? – கேள்வி பதில்

கல்வி பற்றிய சமூகவியல் பார்வைகள் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவி): மிஸ், கல்வி சமூகத்தை ஒன்றாகப் பிணைக்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் சொன்னதாகப் படிக்கிறோம். எங்கட இலங்கையில அப்படி நடக்குதா?

பதில்: பாதிதான் நடக்கிறது, தங்கச்சி. வீட்டுக்கு வெளியே, எல்லாருக்கும் பொதுவான ஒழுங்குக்குப் பிள்ளை பழகுவது வகுப்பறையில்தான், அங்கேதான் ‘நாம்’ என்ற உணர்வு வருகிறது என்பது துர்கைம் வாதம். ஆனால் இங்கே சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலை. இரண்டு மொழிமூலமும் இருக்கிற பாடசாலையிலும் காலைக்கூட்டம் கலைந்ததும் வேறு வேறு வகுப்பு. தரம் 1 தொடங்கி 13 வரை இப்படிப் போனால் இரண்டு ‘நாம்’தான் உருவாகும். விடைத்தாளில் விமர்சனப் பகுதிக்கு இதையே எழுதலாம்.

கேள்வி (வெள்ளவத்தை, ஒரு அம்மா): மகனுக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருஷம். ரியூசனுக்கு விடாவிட்டால் பின்தங்கிவிடுவானா? இலவசக் கல்வி என்று பேருக்குத்தானா?

பதில்: பேருக்கு என்று சொல்லமாட்டேன், அக்கா. 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கட்டணத்தை எடுத்துவிட்டு, ஊர்ப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்து, ஏழைப் பிள்ளைகள் அங்கே வரப் புலமைப்பரிசில் வைத்தார். அது இல்லாமல் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி வந்திருக்கமாட்டார். ஆனால் கட்டணம் போனது, போட்டி போகவில்லை. சனிக்கிழமை விடிய காலி வீதிப் பக்கக் குறுக்குத்தெருக்களில் பாருங்கள், பத்து வயதுப் பிள்ளை கடந்தகால வினாத்தாள் கட்டோடு ஒரு வகுப்பிலிருந்து இறங்கி, தாய் ஆட்டோவிலேயே ஊட்டிவிட, அடுத்த வகுப்புக்குப் போகிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ ‘பண்பாட்டு மூலதனம்’ என்று சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கலாம்: வீட்டுப் பேச்சு, புத்தகம், யாரிடம் போய்க் கேட்பது என்கிற விபரம் எல்லாம் ஒரு பிள்ளையிடம் முன்கூட்டியே இருக்கிறது, பரீட்சை அதை அளந்துவிட்டுத் ‘திறமை’ என்று பெயர் வைக்கிறது. உங்கள் மகனுக்கு ஒரு வகுப்புப் போதும். மிச்ச நேரம் தூங்கட்டும், கதை வாசிக்கட்டும். அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி அவனுடைய மூளைக்கு மதிப்பெண் இல்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி): எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் சமத்துவத்துக்காகத்தானே என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். என்ன சொல்வது?

பதில்: இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். மருத்துவம், பொறியியலுக்குத் தமிழ்மூலம் எழுதிய பிள்ளை கூடுதல் புள்ளி எடுக்கவேண்டியிருந்தது. அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது, அநியாயம். அப்புறம் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் அடித்தது, ஆனால் வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் கதவைத் திறந்தது, அதில் தமிழ் மாவட்டங்களும் உண்டு. மாவட்டக் கணக்கு நியாயமா என்பதில் நேர்மையாக வாதாட இடம் இருக்கிறது, மொழிக் கணக்கில் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் இந்த வாக்குவாதம் முடியாமல் இழுபடுகிறது.

கேள்வி (தெஹிவளை): பட்டம் எடுத்தும் வேலை இல்லை. படிப்பில் பிழையா?

பதில்: பிரித்தானிய சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இலேயே ‘பட்ட நோய்’ பற்றி எழுதினார், அவர் எடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. வேலைக்கு ஆட்களை வடிகட்டச் சான்றிதழ் கேட்கிறார்கள், எல்லாரும் எடுத்தவுடன் அதைவிடப் பெரிய சான்றிதழ் கேட்கிறார்கள். உங்களில் பிழை இல்லை, தம்பி.

கேள்வி (ஹட்டன் பிறப்பிடம், புறக்கோட்டையில் கடை வேலை): தங்கச்சி சாதாரண தரம் நல்லா பாஸ். தோட்டத்துல சயன்ஸ் படிக்க வழியில்ல, கொழும்புக்கு வேலைக்கு கூப்பிடுறாங்க. படிச்சு என்னாத்துக்கு மிஸ்?

பதில்: படிக்க விடுங்கள், தம்பி. இலவசக் கல்வி என்று நாடே பேசிய காலத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தன. எழுபதுகளில்தான் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. பிந்தித் தீர்க்கத் தொடங்கிய கடன் அது, உங்கள் பிள்ளைகளின் குறை இல்லை. ஹட்டன் பக்கம் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையில் இடம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டக் கணக்கில் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு, அது அங்கேயே படிக்கிற பிள்ளைக்குத்தான், ஆகவே கொழும்புக்கு மாற்றவேண்டாம். கலைப்பிரிவுக்கு அந்த மாவட்டக் கணக்கு இல்லை, அதையும் யோசியுங்கள். பல்கலைக்கழகம் தவறினாலும் பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது, உயர்தரப் பெறுபேறோடு விண்ணப்பிக்கலாம்.